வண்டிக்கு நாமமா, பட்டையா?

சுகந்தா பாய்க்கு இந்த ஊரில் யாரும் சிலை வைக்கப் போவதில்லை. வைத்தாலும் அதன் முன்னால் எவனாவது காரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். ஆகையால் அவளைப் பற்றி நானே நாலு வார்த்தை எழுதி வைக்கிறேன். நான் வேதவல்லி. மைசூர் சரஸ்வதிபுரத்தில் அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. எங்கள் வீட்டில் பேசுவது ஐயங்கார் தமிழ், தெருவில் பேசுவது கன்னடம், திட்டுவது இரண்டிலும்.

சுகந்தா நஞ்சன்கூட்டு மாத்வர் வீட்டுப் பெண். பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். புதுப் பெண்டாட்டியாக வந்த காலத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்குப் போவாளாம். மாமியார் மடத்துப் பக்கம் தலைகாட்டவே கூசினாராம். புருஷன் ப்ராணேஷ ராவ் தங்கமான மனிதர். அவருக்கு இருந்த ஒரே ஆசை கார். ஓய்வு பெற்ற கையோடு ஒன்று வாங்கினார். சுகந்தா ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை.

“ரெண்டு கால் இருக்கு, சைக்கிள் இருக்கு, சிட்டி பஸ் இருக்கு. எனக்கெதுக்கு இந்தத் தகரப்பெட்டி?” என்பாள்.

எங்கள் தெருவில் கார் என்பது ஏறிப் போவதற்கான சாமான் இல்லை, குளிப்பாட்டுவதற்கானது. பெற்ற தாயாருக்கு ஒரு செம்பு வெந்நீர் வைத்துக் கொடுக்காதவனெல்லாம் விடிந்ததும் வாளியும் துணியுமாக வாசலில் குந்தியிருப்பான். துடைத்து முடித்ததும் உறை போட்டு மூடியாக வேண்டும். உறைமேல் காக்கை அசிங்கம் பண்ணாமல் இருக்க அதற்கு மேல் ஒரு தார்ப்பாய். பௌர்ணமிக்கு நஞ்சன்கூடு, முகூர்த்த நாளில் கல்யாணச் சத்திரம், இதுதான் அதன் மொத்த ஊர்வலமும். உள்ளே நிறுத்த இடம் இல்லையா என்று கேட்கக்கூடாது. இருந்த இடத்தில் மாடிப்படி கட்டி மேலே வாடகைக்கு விட்டாயிற்று. நடைபாதையில் வேலி போட்டுச் செம்பருத்தி வளர்க்கிறோம். தெருதான் கேட்பாரற்றது, அதனால் அதன் இரண்டு ஓரமும் கார்.

ஒரு நாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்த ப்ராணேஷ ராவ் நாற்காலியோடு சரிந்தார். பக்கவாதம். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்.

“அறைக்குள்ளயே வெச்சிருந்தா மனுஷன் மனசு விட்டுடுவார்ம்மா. தினம் தெருவுக்குக் கொண்டு போங்க. நாலு முகம் பார்க்கட்டும், நாலு பேர் வம்பு கேட்கட்டும். பேச்சு வந்தா அப்படித்தான் வரும்.”

சுகந்தா மறுநாளே வாசற்படியை இடித்துச் சரிவு கட்டிவிட்டாள். நாற்காலி சறுக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போயிற்று. கேட்டுக்கு வெளியே சென்னவீரப்பாவின் கார் நின்றது.

சென்னவீரப்பா எதிர்வீட்டுக்காரர், சப்-ரிஜிஸ்டிராராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வாசலில் வெயில் அடிக்கிறது, பெயின்ட் வெளுத்துவிடும் என்று தன் காரை சுகந்தா வீட்டுப் புங்கமர நிழலில் நிறுத்துவது அவர் வழக்கம். ஒரு பக்கம் ராவின் சொந்தக் கார், மறு பக்கம் மூலைவீட்டு போரே கவுடரின் கார், நடுவில் இவருடையது. பூனை வேண்டுமானால் புகுந்து போகலாம்.

“வீரப்பனவரே, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. இவரை வெளியே கொண்டு போகணும்” என்று கேட்டாள்.

“அதுக்கென்னம்மா, தாராளமா. இன்னிக்கு மட்டும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. நாளைக்கு எடுத்துடறேன்.”

ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று அர்த்தம். இந்தச் சீமையில் யாருடைய காலை யார் மிதித்தாலும் மிதித்தவன் சொல்லும் மந்திரம் இது. மிதிபட்டவன் பல்லைக் காட்டிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். சுகந்தாவும் தினம் கேட்டாள், அவரும் தினம் மந்திரம் சொன்னார். ராவ் கேட் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து காரின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறேழு வாரத்தில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூப்பிட்டால் திரும்புவதும் நின்றுபோயிற்று. எனக்குப் பயமாக இருந்தது.

சுகந்தா அழுகிற ஜாதி இல்லை. கெஞ்சியது போதும் என்று வேறு வழி யோசித்தாள். எங்கள் நாலு வீட்டிலும் நாலு கார், நாலும் மாதத்தில் முக்கால்வாசி நாள் தூங்குகின்றன. நாலுக்கும் சேர்த்து ஒன்று போதாதா? மற்றதற்கு பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் அடுத்த வீட்டுக்காரன் நாற்காலி போவதற்காகத் தன் காரை விற்கிற உத்தமன் எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால் அவள் எலியைப் பிடித்துக்கொண்டாள்.

நிறுத்தியே வைத்திருக்கும் காருக்குள் எலி குடித்தனம் நடத்தும், வயரைக் கடிக்கும். சென்னவீரப்பாவின் கார் மாதம் ஒரு முறை மெக்கானிக்கிடம் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தெருவே கேட்க சுகந்தா கேட்டாள்:

“வீரப்பனவரே, நீங்க கார் வாங்கினது உங்களுக்கா, எலிக்கா?”

“எலி எங்க வீட்டுல மட்டுமா இருக்கு? எல்லா வீட்டுலயும்தான் இருக்கு.”

“இருக்கு. எங்க வீட்டு எலி நடந்து போகுது. உங்க வீட்டு எலிக்குத்தான் ஏசி கார்.”

போரே கவுடர் வாய்விட்டுச் சிரித்தார். கரும்பு ஆலையில் வேலை பார்த்த மனிதர், சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். சென்னவீரப்பாவுக்கு அது உறைத்தது. அந்த வாரமே ஜெர்மனியிலிருந்து அவர் பையன் போனில் முகம் காட்டியபோது விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பையன் சிரித்துவிட்டு, “அப்பா, இங்க பெரிய பெரிய டாக்டரே பங்கு வண்டியிலதான் போறாங்க. வாசல்ல சொந்தக் காரை நிறுத்தி வெச்சுக்கறதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம்” என்றானாம். சுகந்தா தொண்டை வறளச் சொன்னபோது ஏறாதது, வெளிநாட்டு வாயிலிருந்து வந்ததும் வேதமாகிவிட்டது. மறுநாள் சென்னவீரப்பா தெரு நடுவில் நின்று பங்கு வண்டியின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யோசனையே தன்னுடையது என்கிற மாதிரி பேசினார். சுகந்தா வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரி.

அப்படியாக மூன்று கார் விலை போயிற்று. எங்கள் வீட்டுக்காரர் தன்னுடையதை விற்ற அன்று சாப்பிடவில்லை. ராவின் கார் பழசு, அதற்கு விலை வராது என்பதால் அதுவே பொது வண்டியாக நிலைத்தது. ஓட்டத் தெரிந்த ஆண்கள் மூன்று பேர், சாவி சுகந்தா வீட்டு ஆணியில். பார்க் மதிலை ஒட்டி அதை நிறுத்தினோம். நாலு வீட்டு வாசலும் வெறிச்சென்று கிடந்தது.

முதல் நாள் நாற்காலி கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். மூலையில் பேக்கரி. அங்கே ஒரு காபியை இரண்டு டம்ளரில் வாங்கி சுகந்தா ஒன்றை அவர் நல்ல கையில் கொடுத்தாள். பேக்கரிக்காரன், பேப்பர் போடுகிறவன், பென்ஷன்காரர்கள் என்று ஆள் ஆளாகச் சுற்றி நின்றார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ராவுக்குப் பேச்சு வர ஆரம்பித்தது. முதலில் வந்த வார்த்தை பெருமாள் பேர் இல்லை. காபியில் தண்ணீர் அதிகம் என்று பேக்கரிக்காரனைத் திட்டினார். சுகந்தா அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தாள். எனக்கும் அன்று மனசு நிறைந்திருந்தது, அதை மறைப்பானேன்.

நாங்கள் பெண்கள் பஸ்ஸில் ஏறினோம். இங்கே அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சென்னவீரப்பாவின் மனைவி நீலாம்பிகே கல்யாணமானதிலிருந்து பஸ் படியை மிதித்ததில்லை. இப்போது தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய் வெற்றிலை வாங்கக்கூட பஸ். ஆண்களுக்குத்தான் மானப் பிரச்சினை. சத்திர வாசலில் யார் கேட்டாலும் “நம்ம வண்டி” என்பார்கள். கன்னடத்தில் அந்த ‘நம்ம’ ரொம்பச் சௌகரியம். என்னுடையது என்றாலும் நம்ம, எல்லோருடையது என்றாலும் நம்ம. ஒரே கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போன அன்று மூன்று பேரும் தனித்தனியாக அதே மாப்பிள்ளையின் அப்பாவிடம் “வெளியே நிக்குதே, நம்ம வண்டி” என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த மனிதர் மூன்று வண்டி தேடியிருப்பார்.

பிறகு தசரா வந்தது. ஆயுத பூஜை அன்று மைசூரில் சக்கரம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் குளியலும் மாலையும் உண்டு. வாழைக்கன்று கட்டி, குங்குமம் கொட்டிய பூசணிக்காய் உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆளுக்கொரு வண்டி இருந்தவரை அவரவர் வாசலில் அவரவர் பூசணி. நாலு வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் யார் வாசலில்?

“என் வீட்டு வாசல்லதான். யோசனை என்னுது” என்றார் சென்னவீரப்பா.

“யோசனைக்கா பூஜை, வண்டிக்கா? வண்டி ராவோடது” என்றார் கவுடர்.

“வாசல் யாரோடதா வேணா இருக்கட்டும். முன்னாடி என்ன போடப் போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல” என்று ஆரம்பித்தார் எங்கள் வீட்டுக்காரர்.

அதுதான் முள். சென்னவீரப்பா லிங்காயத்து, அவருக்கு விபூதிப் பட்டை இல்லாமல் பூஜை கிடையாது. எங்கள் வீட்டில் நாமம். கவுடருக்கு சாமுண்டி குங்குமம் போதும். கோயில் யானைக்கு எந்த நாமம் என்று அடித்துக்கொண்ட வம்சத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். தகரத்துக்கும் அதே சண்டை வரும் என்று மட்டும் நினைக்கவில்லை. கடைசியில் சுகந்தா டிரில் டீச்சர் குரலை எடுத்தாள்.

“பார்க் மதில் ஓரம் நிக்கற இடத்துலயே பூஜை. நெத்தியில குங்குமம், அவ்வளவுதான். பட்டையும் கிடையாது, நாமமும் கிடையாது. டயர் நாலு இருக்கு, வீடு நாலு இருக்கு. வீட்டுக்கு ஒரு எலுமிச்சம்பழம். சரிதானே?”

எல்லோரும் சரி என்றார்கள். சரி என்பதும் எங்கள் ஊரில் அட்ஜஸ்ட்டுக்கு அண்ணன்தான். காலையில் போய்ப் பார்த்தால் பானெட்டில் மூன்று பட்டை. நீலாம்பிகே விடியும் முன் வந்து தீட்டிவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டுக்காரர் நேரே வீட்டுக்குப் போய்த் திருமண் பெட்டியைக் கொண்டுவந்து பட்டைக்கு மேலேயே ஒரு நாமம் இழுத்தார். காரின் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. கவுடர் மட்டும், “நல்லதுதான், இனிமே எந்த மடத்துக்குப் போனாலும் உள்ளே விடுவாங்க” என்றார்.

சண்டை அதோடு நின்றிருந்தாலும் தேவலை. பூசணிக்காய் உடைந்தது. நாலு டயருக்கும் நாலு பழம் வைத்து கவுடர் வண்டியை முன்னுக்கு எடுத்தார். மூன்று பழம் சப்பென்று நசுங்கிற்று. நாலாவது, முன் பக்கத்து இடது டயரின் பழம், ஈரத்தில் வழுக்கி ஓரச் சாக்கடைக்கு உருண்டு, அப்படியே முழுசாகக் கிடந்தது. அது சென்னவீரப்பா வீட்டுப் பழம்.

நீலாம்பிகே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “திருஷ்டி கழியலையே.”

“இன்னொரு பழம் வெச்சு நசுக்கினா ஆச்சு” என்றாள் சுகந்தா.

“தப்பிச்ச பழம் தப்பிச்சதுதாங்க. எங்க வீட்டு மேல வந்ததை எங்க வீட்டுக்கே அனுப்பிடுச்சு இந்த வண்டி.”

அடுத்த வாரம் சென்னவீரப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். அந்தக் குளியலறையில் பாசி பிடித்து வழவழவென்று கிடப்பது பாத்திரம் தேய்க்கிறவளிலிருந்து எல்லோருக்கும் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று யார் சொல்வது? பழி அந்த எலுமிச்சம்பழத்தின் மேல் விழுந்தது. கையில் கட்டோடு அவர் வந்து நின்றார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. கூட்டு வண்டியில யாரோட கெட்டது யாருக்கு வந்து சேரும்னு சொல்ல முடியலை. தீபாவளிக்கு சின்னதா ஒண்ணு எடுத்துக்கறோம். பூஜைக்கு மட்டும்தான்.”

பூஜைக்கு மட்டும் வாங்கிய கார் அவர் பழையதைவிட இரண்டு முழம் நீளம். அதை எங்கள் தெருவில் நிறுத்தக் கண்ட பிறகு எங்கள் வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “பட்டை போட்ட வண்டியில இனிமே நான் ஏறறதா இல்லை” என்று ஒரு சாக்கு கிடைத்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தேன். எருமை மாட்டின் மேல் மழை. அவரும் ஒன்று வாங்கினார். தான் மட்டும் இளித்தவாயனா என்று கவுடரும் வாங்கினார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், கார் கடைக்காரன் ஒவ்வொரு வீட்டுக்கும் மைசூர் பாகு டப்பா கொடுத்தனுப்பினான். பட்டையா நாமமா என்று அடித்துக்கொண்டார்கள், கடைசியில் நாமம் விழுந்தது சுகந்தாவுக்கு.

புங்கமர நிழல் மறுபடி நிரம்பியது. பொது வண்டி பொது இல்லை என்று ஆனதும் அதைத் தள்ளிக்கொண்டுவந்து சுகந்தா வாசலில் விட்டுவிட்டார்கள். ஓட்ட ஆளில்லாமல் பேட்டரி செத்தது. நாற்காலி கேட்டோடு நின்றது. பேக்கரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர் மறுபடி கேட் கம்பிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். மார்கழி பிறந்தபோது பேச்சு திரும்ப நின்றிருந்தது. கார்த்திகையோடு போயிற்றா, முன்னாலேயே போயிற்றா என்று சுகந்தாவுக்கே தெரியவில்லை. பேசாத மனிதர் எந்த நாளில் பேசாமல் போனார் என்று எப்படித் தெரியும்?

அவள் ஒரு கணக்குப் போட்டாள். தன் காரை விற்றுவிட்டால் அது நின்ற இடம் காலியாகும், நாற்காலி அந்த வழியாக இறங்கும். ஆள் வந்து காரை இழுத்துக்கொண்டு போனான். சுகந்தா உள்ளே போய் ராவுக்கு ஸ்வெட்டர் போட்டு, குல்லாய் மாட்டி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதற்குள் சென்னவீரப்பாவின் நீளக் கார் நகர்ந்து வந்து அந்த இடத்தையும் கேட்டையும் சேர்த்து அடைத்துக்கொண்டு நின்றது. அவர் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“வீரப்பனவரே, அது எங்க இடம்.”

“உங்ககிட்டதான் வண்டியே இல்லையேம்மா. இடம் எதுக்கு உங்களுக்கு?”

அவர் குரலில் குசும்பு இல்லை. நிஜமாகவே கேட்டார். வாசலுக்கு முன்னால் இருக்கிற இடம் காருக்குச் சொந்தம். கார் இல்லாதவனுக்குத் தெரு எதற்கு, அவன் மாடியில் காற்று வாங்கட்டுமே.

“வண்டி இருக்கு. அதுலதான் இவர் உட்கார்ந்திருக்கார்” என்றாள் சுகந்தா.

“அதெல்லாம் வண்டியாம்மா?” என்று சிரித்துவிட்டு, “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்று சாவியை ஆட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்தார்.

 மறுநாள் காலை சுகந்தா பன்னிமண்டபம் பஸ் ஏறிப் போனாள். அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கிடங்குகள் இருக்கின்றன. சென்னவீரப்பா பௌர்ணமிக்காக நஞ்சன்கூடு போயிருந்த நேரம் பார்த்து, கிடங்கு ஆட்கள் டெம்போவில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஒரு காரை அவள் வாசலில் விட்டார்கள். எந்தக் காலத்துக் காரோ, பச்சை நிறம், பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. என்ஜினை யாரோ எப்போதோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள். சுகந்தா நின்று அளந்து நிறுத்தச் சொன்னாள். அதற்கும் கவுடர் காருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போகிற இடம், அதற்கு மேல் ஒரு சாண் இல்லை. ஸ்கூட்டர்கூட நுழையாது, மறு பக்கம் மிஞ்சியதும் எதிர்வீட்டு நீளக் காருக்குப் போதாது.

சென்னவீரப்பா திரும்பி வந்தார், பார்த்தார், மறு பேச்சில்லாமல் தன் காரைத் தன் வாசல் வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு மனுஷனுக்காக நகராத கார் ஒரு தகர ஓட்டுக்காக நகர்ந்தது. மாலையில் வந்து அவள் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்பத்தாம்மா லட்சணமா இருக்கு. வண்டி இல்லாத வாசல் நல்லாவா இருக்கும்?” என்று பாராட்டிவிட்டும் போனார். தெருவில் காரைக் குறைக்கப் புறப்பட்டவள் தானே ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தித்தான் தன் வாசலை மீட்டாள். அதற்கு எங்கள் தெரு வெட்கப்படவில்லை, இனிமேலும் படாது.

மறுநாள் நாற்காலி கேட்டைத் தாண்டியபோது நானும் கூடப் போனேன். சந்து மாதிரி இருந்த அந்த இடைவெளியில் ராவ் பச்சைக் காரைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். கார் ஆசை விடாத மனிதர். தெருவுக்கு வந்ததும் வாய் கோணியது, ஏதோ சொல்ல முயன்றார். சுகந்தா நாற்காலியை நிறுத்திவிட்டுக் குனிந்தாள்.

“யா... யாரோட வண்டி?”

“நம்ம வண்டிதான்.”

“ஓடுமா?”

“ஓடாது. அதனாலதான் வாங்கினேன்” என்றாள் சுகந்தா.